சில்வர் ஓக் சருகு ஏன் மட்கவில்லை? சேர்வராயன் மலைத் தோட்டம் ஒன்றில் இலைவாழ் பூஞ்சைகள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏற்காடு பக்கத்தில் ஒரு சிறிய காப்பித் தோட்டம். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. உரிமையாளரின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் அவை இதில் இல்லை.

தோட்டம் இரண்டு பாதியாகப் பிரிந்து கிடக்கிறது. மேல் பாதியில் தாத்தா காலத்து நிழல் மரங்கள் அப்படியே நிற்கின்றன: பலா, அத்தி, கல்யாண முருங்கை, காடாக இருந்தபோதே நின்ற சில பெருமரங்கள். கீழ்ப் பாதியில் அப்பா காலத்தில் அவற்றை எடுத்துவிட்டு முழுக்க சில்வர் ஓக் நட்டார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது. சில்வர் ஓக்கும் வெளியிலிருந்து வந்ததுதான், அதன் தாயகம் கிழக்கு ஆஸ்திரேலியா. அதை நட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்ற வாகாக இருக்கும், அவசரத்துக்கு வெட்டி விற்றால் காசாகும். சிறு தோட்டக்காரருக்கு இந்த மூன்றும் பெரிய விஷயம்.

கோடை மழை ஆரம்பித்த சமயத்தில் அவர் எங்கள் துறைக்குப் போன் செய்தார். "மேடம், எத்தனை மழை பேஞ்சாலும் கீழ்க் காட்டுல சருகு மக்கவே மாட்டேங்குதுங்க. போன வருசத்துச் சருகு மேலயே இந்த வருசத்துச் சருகும் விழுது." அதற்குள் ஒரு விற்பனை முகவர் வந்து, சருகை மட்க வைக்கும் நுண்ணுயிர்க் கரைசல் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தோட்டம் முழுக்கத் தெளிக்க ஆகும் செலவைக் கேட்டுத் தயங்கி, வாங்கலாமா வேண்டாமா என்று எங்களிடம் கேட்டார்.

அதே நேரத்தில் எங்கள் முதுகலை மாணவி ஒருவர் ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். பச்சை இலைக்குள் எந்த நோய்க்குறியும் காட்டாமல் வாழும் பூஞ்சைகளில் அவருக்கு ஆர்வம். இலை உதிர்ந்த பிறகு அந்தப் பூஞ்சைகள் என்ன ஆகின்றன என்பது அவர் கேள்வி. தோட்டக்காரரின் கேள்வியும் இவருடைய கேள்வியும் ஒரே இடத்தில் சந்தித்தன. இருவரையும் சேர்த்து வைத்தேன்.

முதலில் கண்டது

மேல் பாதியில் சருகுப் படுகை மெல்லியது. மேலே இருக்கும் இலைகளை விலக்கினால் உடனே ஈரமும் கருமையும். இலைகளுக்கு நடுவே வெள்ளைப் பூஞ்சை இழைகள் ஓடி, இலையை இலையோடு கட்டியிருந்தன. பல பலா இலைகளில் வெளிறிய திட்டுகள் தெரிந்தன. அவற்றைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. இரண்டு பூஞ்சைகள் ஒரே இலையில் பக்கத்தில் பக்கத்தில் வளரும்போது தங்கள் எல்லையை இப்படிக் கோடு போட்டுக் காத்துக்கொள்ளும். வெளிறிய இடம் என்றால் அங்கே லிக்னின் சிதைந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இலையின் பாகங்களில் மட்குவதற்கு மிகக் கடினமானது லிக்னின்தான்.

கீழ்ப் பாதியில் காட்சி வேறு. சில்வர் ஓக் இலை பிரிந்து பிரிந்து இருக்கும், அடிப்புறம் வெள்ளி நிறத்தில் மயிர் அடர்ந்திருக்கும். காய்ந்ததும் சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இடைவெளி விட்டு நிற்கும். மிளகுக்கு வெளிச்சம் வேண்டும் என்று கிளைகளை உயரமாகக் கழித்திருந்ததால் வெயில் நேராகத் தரையில் விழுந்தது. காலையில் பெய்த மழையின் ஈரம் பிற்பகலில் மேல் சருகில் இல்லை. உதிர்ந்து நாளான இலைகளிலும் கறுப்புப் புள்ளிகள் இருந்தனவே தவிர, வெளிறிய திட்டும் இழைப் பின்னலும் அரிதாகவே கண்ணில் பட்டன.

இன்னொன்றையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். கீழ்ப் பாதியில் வருடா வருடம் அறுவடை முடிந்ததும் சருகை வாரி ஓரத்தில் குவித்துத் தீ வைக்கிறார்கள். மேல் பாதி சரிவு, வார முடியாது, அதனால் விட்டுவிட்டார்கள். வாருவதற்குக் காரணம் சுத்தம் மட்டும் இல்லை. சருகுக்குள் உதிர்ந்து கிடக்கும் காப்பிக் காய்களைப் பொறுக்கியாக வேண்டும். விட்டால் காய்த்துளைப்பான் வண்டு அதிலேயே தங்கி அடுத்த காய்ப்பைத் தாக்கும். நியாயமான காரணம். இது தெரியாமல் "சருகை வாராதீர்கள்" என்று நாங்கள் சொல்லியிருந்தால் அந்த ஆலோசனைக்கு ஒரு பைசா மதிப்பு இருந்திருக்காது.

இலைக்குள் என்ன இருந்தது

நான்கு நிலைகளில் இலை எடுத்தோம்: மரத்தில் முற்றிய பச்சை இலை, மரத்திலேயே பழுத்த இலை, அன்று விழுந்த இலை, பழைய சருகு. பலா, சில்வர் ஓக் இரண்டிலும் எடுத்தோம். கழுவி, எத்தனால், சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்களில் முக்கி மேற்புறத்தைச் சுத்தம் செய்து, சிறு துண்டுகளாக நறுக்கி, பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து கலந்த உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகர் என்ற பூஞ்சை வளர்ப்பு ஊடகத் தட்டுகளில் வைத்தோம். சுத்தம் செய்த துண்டு ஒன்றைத் தனித் தட்டில் அழுத்தி எடுத்துவிட்டு அந்தத் தட்டையும் கவனித்தோம். அழுத்திய தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. ஆகவே மற்றத் தட்டுகளில் முளைத்தவை இலைக்கு உள்ளேயிருந்து வந்தவை.

பச்சை இலைகளில் கொலெட்டோட்ரைக்கம், ஃபோமாப்சிஸ், பெஸ்டலோஷியாப்சிஸ் ஆகிய பேரினங்கள் கிடைத்தன. பெஸ்டலோஷியாப்சிஸின் வித்து ஒரு தடவை நுண்ணோக்கியில் பார்த்தால் மறக்காது: ஐந்து அறை, நடுவே மூன்றுக்கு நிறம், நுனியில் மெல்லிய இழைகள். வித்தே தராமல் வெறும் வெள்ளை இழையாக நின்றவையும் இருந்தன. சில தட்டுகளில் மட்டும் சைலேரியா வகை வந்தது. நாள்பட நாள்படக் கறுத்து, அகரிலிருந்து விரல் விரலாக எழும்பியது. சுத்தம் செய்யாத இலையின் மேற்பரப்பில் கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா போன்றவை இருந்தன. பழைய சருகிலோ ட்ரைக்கோடெர்மாவும் பெனிசிலியமும் தட்டையே ஆக்கிரமித்துவிட்டன.

நாங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக ஒரு விஷயம் தெளிவானது. "வெளிநாட்டு மரம், அதனால்தான் அதன் இலையில் நம்மூர்ப் பூஞ்சை ஏறவில்லை" என்று மாணவி ஒரு கருதுகோளோடு வந்திருந்தார். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சில்வர் ஓக் இலையிலும் பலா இலையில் இருந்த அதே பேரினங்கள் இருந்தன, சைலேரியா உட்பட. வெப்பமண்டல மரங்களில் புதுத் தளிர் ஏறக்குறையப் பூஞ்சை இல்லாமல்தான் விரிகிறது. காற்றும் மழைத்துளியும் கொண்டுவரும் வித்துகள் பிறகு ஒவ்வொன்றாக அதில் புகுகின்றன. எனவே மரம் எங்கிருந்து வந்தாலும், அதன் இலை நிற்கும் இடத்துப் பூஞ்சைகளை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. தமிழ்நாட்டுக் காடுகளின் இலை உள்வாழ் பூஞ்சைகளை நீண்ட காலமாக ஆய்ந்துவரும் சென்னை டி.எஸ். சூரியநாராயணன் குழுவினரும், ஒரே பூஞ்சை வெவ்வேறு குடும்பத்து மரங்களில் வாழ்வதைக் காட்டியிருக்கிறார்கள்.

தட்டுகளைப் பார்த்த தோட்டக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: "உள்ளயே இத்தனை பூஞ்சணம் இருந்தா மரம் ஏனுங்க சாகல?" ஒவ்வொரு தொற்றும் சில செல்கள் அளவுக்கு மிகச் சிறியது. இலை உயிரோடு இருக்கும்வரை அதன் தற்காப்பு அந்தத் தொற்றை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. இலை பழுக்கும்போது மரம் அதிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் திரும்ப எடுத்துக்கொள்ளும், தற்காப்பும் தளரும். அப்போது உள்ளே காத்திருந்தவை பரவத் தொடங்கும். தரையில் காத்திருக்கும் எந்தப் பூஞ்சைக்கும் முன்னால் இவை இலைக்குள் இடம் பிடித்துவிட்டன. சருகு மட்கும் வேலை மரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது என்று நான் சொன்னதும் அவருடைய அம்மா மாணவியைப் பார்த்து, "அப்போ அந்த மருந்து எதுக்கு கண்ணு?" என்றார். எங்கள் சோதனையின் மையக் கேள்வியே அதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

இரண்டு தனித்தனிச் சோதனைகள் செய்தோம்.

முதலாவது, இலை உள்வாழ் பூஞ்சைகள் மட்குதலுக்கு உண்மையில் உதவுகின்றனவா என்பது. சருகை எடை பார்த்து நைலான் வலைப் பையில் போட்டு, தரையில் வைத்து, இடையிடையே எடுத்து எடை இழப்பைப் பார்ப்பது பழைய முறை. உயிருள்ள பூஞ்சையோடு ஒரு பை, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைத்துப் பூஞ்சையைக் கொன்ற இலையோடு ஒரு பை, இரண்டையும் ஒப்பிட்டால் போதும் என்று மாணவி திட்டமிட்டிருந்தார். இதற்கு நான் சம்மதிக்கவில்லை. 121 டிகிரி நீராவி பூஞ்சையை மட்டும் கொல்வதில்லை. இலையை மென்மையாக்கும், கரையக்கூடிய ஃபீனால்களை வெளியேற்றும். கொன்ற இலை வேகமாக மட்கினால் அது பூஞ்சை இல்லாததாலா, இலை வெந்துபோனதாலா என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது. ஆகவே எல்லா இலையையும் ஆட்டோகிளேவ் செய்தோம். பாதி இலைகளுக்கு அதே மர இலையிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சைகளைத் திரும்பச் செலுத்தி, அவை பரவ அவகாசம் கொடுத்தோம். மறுபாதிக்கு ஒன்றும் செலுத்தவில்லை. இப்போது இரண்டு பாதியும் ஒரே அளவு வெந்தவை, வித்தியாசம் பூஞ்சை மட்டுமே. இத்துடன், எதுவும் செய்யாமல் காற்றில் உலர்த்திய இலைகளையும் தனிப் பைகளில் வைத்தோம். இரண்டு பாதித் தோட்டத்திலும் பைகள் போயின.

இரண்டாவது, கரைசல் வேலை செய்யுமா என்பது. இதற்குத் தோட்டக்காரர் ஒரு சிறிய புட்டி மட்டும் வாங்கினார். கீழ்ப் பாதியில் மூன்று வரிசைகளைப் பிரித்தோம். ஒன்றில் முகவர் சொன்ன அளவிலேயே கரைசல். இரண்டாவதில் அதே அளவு வெறும் தண்ணீர், அதே நாட்களில். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. "வெறும் தண்ணி எதுக்குங்க?" என்று அவருக்குச் சிரிப்பு. ஆனால் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலக்கித்தான் ஊற்றுகிறோம். தண்ணீருக்கு ஒரு தனி வரிசை இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பொருட்களை நிலத்தில் சோதிக்கும் விவசாயிகள் இந்தத் தண்ணீர் வரிசையை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மேல் பாதியின் அடிச்சருகைக் கூடையில் அள்ளிக் கீழ்ப் பாதியில் போட்டுப் பார்க்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அதில் வெள்ளை இழைப் பூஞ்சைகள் ஏராளம். காய்த்துளைப்பான் உள்ள காய்களும் கூடவே போகும் என்பதால் கைவிட்டோம்.

போர்டோ கலவை என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியைத் தெளிப்பதை நிறுத்தலாமா என்றும் அவர் கேட்டார். துரு நோய்க்கு எதிராக மழைக்கு முன்னால் தெளிக்கிறார். அதிலுள்ள தாமிரம் மட்கி அழியாது, மண்ணில் சேரும், பூஞ்சைகளுக்கு ஆகாது. எல்லாம் உண்மைதான். ஆனால் தெளிப்பு இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி நடக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது காரணமாக இருக்க முடியாது. நிறுத்தினால் துரு நோயில் காப்பி போகும். நிறுத்த வேண்டாம் என்று சொன்னோம்.

மழைக்காலத்தில் நடந்தது

ஆடியில் பைகளை வைத்தோம். ஆவணிக் கடைசியிலும், ஐப்பசி மழை நடுவிலும், தை மாதத்திலும் எடுத்தோம்.

ஆவணியில் எடுத்தபோது, பூஞ்சை செலுத்தாத இலைகளில் ட்ரைக்கோடெர்மாவும் பெனிசிலியமும் பச்சைப் பச்சையாகப் படர்ந்திருந்தன. காலியாகக் கிடந்த வீட்டில் முதலில் வந்தவர் குடியேறியது மாதிரி. பூஞ்சை செலுத்திய இலைகளில் அவை குறைவு, எடை இழப்போ கூடுதல். முன்பே உள்ளே இருப்பவை, பின்னால் வருபவற்றை மட்டுப்படுத்துகின்றன என்பதற்கு இது நல்ல சான்று. சைலேரியா செலுத்திய இலைகளில் மட்டும் ஐப்பசி எடுப்பில் வெளிறிய திட்டுகள் தெரிந்தன. கொலெட்டோட்ரைக்கம் செலுத்தியவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. இதில் வியப்பில்லை. உள்வாழ் பூஞ்சைகள் எல்லாமே லிக்னினைத் தொடுவதில்லை. பெரும்பாலானவை சர்க்கரையையும் செல்லுலோஸையும் எடுத்துக்கொண்டு ஓய்ந்துவிடுகின்றன, சில குடும்பங்கள்தான் லிக்னினுக்குப் போகின்றன. ஜப்பானில் கோய்டே, ஓசோனோ, டகேடா ஆகியோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வும் இதே தன்மையது. தேயிலைக்கு உறவான காமெலியா இலையின் சருகில் காக்கோமைசஸ் என்ற உள்வாழ் பூஞ்சை லிக்னினைச் சிதைத்து இலையை வெளிற வைப்பதை அதில் காட்டினார்கள்.

தை மாத எடுப்பில் பூஞ்சை செலுத்தியதற்கும் செலுத்தாததற்கும் இடையே இருந்த எடை வித்தியாசம் அநேகமாக மறைந்துவிட்டது. அதற்குள் தரையிலிருந்து வந்த வெள்ளை இழைப் பூஞ்சைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தன. குடைக்காளான் வகையைச் சேர்ந்த இவைதான் லிக்னினைப் பெரிய அளவில் உடைப்பவை. ஆனால் இது மேல் பாதியில் வைத்த பைகளில் மட்டும்தான் நடந்தது. கீழ்ப் பாதியில் அதே இலை, அதே பூஞ்சை, அதே பை, இருந்தும் வெள்ளை இழை எட்டிப் பார்க்கவில்லை. உலர்த்தி மட்டும் வைத்த சில்வர் ஓக் சருகும் மேல் பாதியில் நன்றாக மட்கத் தொடங்கியிருந்தது. சில்வர் ஓக் இலை மட்காத இலை என்ற பேச்சுக்கு அந்தப் பைகளே பதில்.

எடைகளை மட்கும் மாறிலியாக, அதாவது மட்கும் வேகத்தைக் காட்டும் ஒரே எண்ணாக மாற்றித் தரலாம். அதற்கான சமன்பாடு 1963-ல் ஓல்சன் தந்தது, மாணவி கணக்கிட்டும் வைத்திருக்கிறார். மூன்று எடுப்பை வைத்துக்கொண்டு அந்த எண்ணை வெளியே சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே போக்கை மட்டும் சொல்கிறேன்.

கரைசல் சோதனையின் முடிவு இன்னும் எளிது. கரைசல் ஊற்றிய வரிசையிலும் தண்ணீர் ஊற்றிய வரிசையிலும் சருகு ஒரே மாதிரி நைந்து கறுத்தது. ஒன்றும் ஊற்றாத வரிசை பின்தங்கியது. ஐப்பசி மழை வலுத்ததும் அந்த வித்தியாசமும் குறைந்தது. கரைசலில் இருந்த உயிர்கள் கெட்டவை என்று இதற்குப் பொருள் இல்லை. அங்கே குறைவாக இருந்தது உயிரி இல்லை, ஈரம்தான். உயிரி இலைக்குள்ளேயே வந்திருந்தது.

மொத்தத்தில் இப்படிப் புரிந்துகொண்டோம். இலை தன் முதல் கட்ட மட்க வைப்பவர்களைத் தானே சுமந்துகொண்டு விழுகிறது. கீழ்ப் பாதியில் வெயிலும் வறட்சியும் அவற்றைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. அடுத்த கட்டத்துக்கு வர வேண்டிய வெள்ளை இழைகள் பழைய சருகிலிருந்து புதுச் சருகுக்கு ஏறிப் பரவுபவை. வருடா வருடம் வாரி எரித்ததில் அவற்றுக்கு ஏணியே இல்லாமல் போனது.

எரித்தால் எல்லாம் செத்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. நீலகிரிப் பகுதிக் காட்டுச் சருகில் 100 டிகிரிக்கும் மேலான உலர் வெப்பத்தைத் தாங்கும் வித்துகள் இருப்பதை சூரியநாராயணன் குழுவினர் 2011-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பெஸ்டலோஷியாப்சிஸ் போன்றவை தீயிலும் தப்பலாம். மெல்லிய வெள்ளை இழைப் பின்னலுக்கு அந்த வாய்ப்புக் கிடையாது.

சருகை எரிப்பதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. சருகில் வாழும் பூஞ்சைகள் வித்து விட்டு, அந்த வித்து மறுபடி பச்சை இலைக்குள் புகுந்து, இலையோடு வேறிடத்தில் விழுகிறது. அமெரிக்கப் பூஞ்சையியலாளர் ஜார்ஜ் கேரல் 1990-களின் இறுதியில் முன்வைத்த கருத்து இது: சில பூஞ்சைகளுக்கு இலைக்குள் வாழ்வது அடுத்த சருகை அடைவதற்கான பயணம். சைலேரியாவுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

தோட்டத்தில் செய்த மாற்றங்கள்

தோட்டக்காரர் கரைசல் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் படுதா வாங்கினார். பழம் பறிக்கும்போது செடிக்குக் கீழே படுதா விரித்தால் உதிரும் காய் அதிலேயே விழும், சருகைக் கிளற வேண்டியதில்லை. தப்பி விழுந்ததை மட்டும் கையால் பொறுக்குகிறார்கள். ஆள் கூலி கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காய்த்துளைப்பான் கூடவில்லை என்று அந்த அறுவடையில் பார்த்த அளவில் சொன்னார்.

தீ வைப்பது நின்றது. வார வேண்டிய இடங்களில் வாரிய சருகை மேட்டுக்குக் குறுக்கே வரப்பாகப் போட்டு, மழைத் தண்ணீர் அங்கே தேங்க விடுகிறார்கள். சில்வர் ஓக் மரங்களை வெட்டச் சொல்லவில்லை, அவரும் வெட்டவில்லை. கிளை கழிப்பதை ஒரு பருவத்துக்குக் குறைத்துப் பார்த்தார். மிளகு சற்றுக் குறைந்ததால் அதை முழுதாகத் தொடர விருப்பமில்லை. பதிலாக, சாகும் மரங்களின் இடத்தில் அத்தியும் கல்யாண முருங்கையும் நடுகிறார். கல்யாண முருங்கை இலை மென்மையானது, சீக்கிரம் மட்கும். அகன்ற இலைகள் சில்வர் ஓக் சருகின் மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

அடுத்த மழைக்குப் பின் போனபோது, வாராமல் விட்ட வரிசைகளின் அடிச்சருகில் வெள்ளை இழை வந்திருந்தது. மேல் பாதியை ஒட்டிய வரிசைகளில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. இழைகள் தரைவழியே நகர்ந்து வருகின்றன என்ற எங்கள் ஊகத்துக்கு அது பொருந்துகிறது.

அடுத்த முறை மாற்றுவது

பைகளை ஆடியில் வைக்காமல், இலை அதிகம் கொட்டும் கோடையிலேயே வைப்போம். மழைக்கு முந்தைய வறண்ட வாரங்களில் உள்வாழ் பூஞ்சைகள் தாக்குப்பிடிக்கின்றனவா என்பதுதான் இந்த மலைக்கு முக்கியமான கேள்வி. இந்த முறை அந்தக் காலம் முழுதும் எங்கள் பார்வையில் விழவில்லை.

அகர் தட்டில் வளர்பவற்றை மட்டும் நம்பாமல், அதே இலைத்துண்டிலிருந்து டிஎன்ஏவும் எடுப்போம். தட்டில் வேகமாக வளர்பவை மெதுவாக வளர்பவற்றை மூடி மறைத்துவிடுகின்றன. குடைக்காளான் வகைகள் இலைக்குள் இருந்தாலும் தட்டில் தெரிவது அரிது.

சருகின் ஈரத்தை வாரா வாரம் அளந்து எழுதுவோம். மூன்று வரிசைச் சோதனையின் முடிவையே ஈரத்தை வைத்துத்தான் விளக்கினோம், அதற்குக் கையில் அளவு வேண்டும். ஒவ்வொரு வகையிலும் வரிசைகளைக் கூட்டி, தோட்டத்தின் வெவ்வேறு இடங்களில் கலந்து போடுவோம். மேல் பாதிக்குப் பக்கத்தில் இருக்கும் வரிசைக்குக் கிடைக்கும் அனுகூலம் அப்போதுதான் கணக்கில் வரும். இதற்குப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய தோட்டம் முழுக்கவே சில்வர் ஓக், மேல் பாதி போலப் பழைய நிழல் மரங்கள் நிற்கும் பகுதி அதன் எல்லைக்குள்ளே எங்கும் கிடையாது. வெள்ளை இழை அங்கே தானாக வருமா என்று பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பைகளை முதலில் அங்கேதான் வைக்கப்போகிறோம்.